200 எம்பிபிஎஸ் இணையம் எடுத்தும் மாடியில் 30தான்: நிறுவனம் தரும் ரவுட்டர் எந்தக் காலத்து வைஃபை?

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 3, 2025, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். கருங்கல்லிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், எங்கள் வீடு. கீழ்க்கட்டு பழைய வெட்டுக்கல், மேலே பத்து வருடத்துக்கு முன்பு கட்டிய கான்கிரீட் மாடி. செப்டம்பரில் 100 எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டத்திலிருந்து 200க்கு மாறினேன். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகிறது, மாடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மகள் அறையில் 30க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. அவளுக்கு இந்த மாதம் முழுக்க வேலைக்கான நேர்காணல்கள், எல்லாம் வீடியோவில்.

வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். அங்கே இரவு 8 மணிக்கு அவர் அறைக்கு வந்து அழைக்கும்போது இங்கே 10.30. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் பாதி நேரம் அவர் முகம் அப்படியே நின்றுபோய்க் குரல் மட்டும் வருகிறது. இன்றைக்கும் அதேதான், அந்த வேதனையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்கள் பக்கம் 200 சரியாக வருகிறது, உங்கள் போன் பழசு" என்கிறார்கள். மகள் போன் போன வருடம் வாங்கியது. அவள் விடுதியில் இருக்கும்போது வைஃபை குறிக்குப் பக்கத்தில் சின்னதாக 6 என்று காட்டுமாம். வீட்டுக்கு வந்தால் அந்த எண் காணாமல் போகிறது. நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர் பெட்டிகள் பழைய தரத்திலேயே நிற்கின்றனவா? அப்டேட் போட்டால் 6 ஆகிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு தெருக்காரன்
நவம்பர் 4, காலை 6.55

அக்கா, முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். கேபிள் சொருகும் ஓட்டைகளுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அப்படியே இங்கே போடுங்கள். வைஃபை பட்டியலில் உங்கள் பெயர் ஒன்றுதான் வருகிறதா, 5ஜி (5 கிகாஹெர்ட்ஸ், மொபைல் 5ஜி அல்ல) என்று பின்னொட்டு போட்டு இன்னொன்றும் வருகிறதா?

வேளிமலை ஆசிரியர்
நவம்பர் 4, காலை 9.20

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன். கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அப்டேட் போட்டு வைஃபை 4 பெட்டியை 6 ஆக்க முடியாது. அலையைப் பேசும் சிப்பிலேயே அந்தத் திறன் இருக்க வேண்டும். மென்பொருள் ஓட்டைகளை அடைக்கலாம், அமைப்புகளைச் சீர்படுத்தலாம், அவ்வளவுதான்.

காலக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இன்று வைஃபை 4 என்று சொல்லும் தரம் 2009இல் வந்தது. வைஃபை 5 தரத்தை, தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு 2013 கடைசியில் ஒப்புக்கொண்டது. இந்த 4, 5, 6 என்கிற எளிய பெயர்களே 2018 அக்டோபரில்தான் வைக்கப்பட்டன. வைஃபை 6க்குச் சான்றிதழ் 2019இல் கொடுக்கத் தொடங்கினார்கள், வைஃபை 7க்கு 2024 ஜனவரியில். உங்கள் பெட்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இல்லாமல், பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் பேசும் பெட்டி என்றால், இந்த 2025இலும் 16 வருடத்துக்கு முந்தைய தரத்தில்தான் உங்கள் வீடு ஓடுகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே எழுதப்பட்ட தரம். அந்தப் பெட்டியிலும் 2.4 பக்கம் 2009ஆம் வருடத் தரம்தான். 2.4 பக்கமும் புதுப்பிக்கப்பட்டது வைஃபை 6இல்தான்.

தக்கலை விளையாட்டுப்பையன்
நவம்பர் 4, மதியம் 1.05

எதற்கு இவ்வளவு யோசனை? வைஃபை 7 ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டினால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடும். நிறுவனப் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைத்துவிடுங்கள்.

வேளிமலை ஆசிரியர்
நவம்பர் 4, மதியம் 2.30

தம்பி, உன் ஆர்வம் புரிகிறது. ஆனால் அந்த 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் கிடைக்கும். அமெரிக்கா 2020இலேயே அங்கே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம்தான் வரைவு விதிகளை வெளியிட்டது, அதுவும் 5925 முதல் 6425 வரை, 500 மெகாஹெர்ட்ஸுக்கு. பெட்டி வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த வேகம் அப்படியே வரும் என்று எண்ண வேண்டாம்.

அப்புறம், நிறுவனப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. ஃபைபரின் ஒளியை வாங்குவதே அதுதான். கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டரில் அந்தப் பச்சைத் தலை ஃபைபரைச் சொருக இடமே இருக்காது. புது ரவுட்டர் அதற்குப் பின்னால்தான் வரும்.

தக்கலை விளையாட்டுப்பையன்
நவம்பர் 4, மதியம் 2.48

சரி சார், 6 கிகாஹெர்ட்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு வைஃபை 6 போதும் என்று மாற்றிக்கொள்கிறேன்.

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 4, இரவு 8.15

பார்த்துவிட்டேன். வைஃபை பெயர் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்றின் மேல் லேன்1 ஜிஇ, இன்னொன்றின் மேல் லேன்2 எஃப்இ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மகள் போனில் இணைப்பு வேகம் என்று ஓர் இடத்தில், கீழே ஹாலில் நின்றால் 144, மாடியில் 52, சில நேரம் 39 என்று காட்டுகிறது.

ஃபைபர் குலசேகரம்
நவம்பர் 4, இரவு 9.50

அக்கா, நான் குலசேகரம், அருமனை பக்கம் ஆறு வருடமாக ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் இழைகளை ஒட்டி இணைக்கும் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்னதை வைத்தே பெட்டி தெரிந்துவிட்டது. ஒற்றை அலைவரிசை, வைஃபை 4. ஊர்ப்பக்கம் கேபிள் ஆபரேட்டர்கள் வழியாக வரும் இணைப்புகளில் நான் அதிகம் மாட்டிய பெட்டி இந்த வகைதான்.

அந்த 144 என்பது போனும் பெட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். அதில் கிட்டத்தட்ட பாதிதான் உங்கள் கைக்கு வரும். அதாவது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலே 70, 80. மாடியில் 52 என்றால் 25, 30. 200 திட்டம் எடுத்தாலும் 300 எடுத்தாலும் அந்தப் பெட்டி வழியாகக் காற்றில் அவ்வளவுதான் போகும். திட்டத்தை மாற்றியபோதே இதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இதையே கொடுக்கிறார்கள் என்று வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன். பெட்டிகளை நூற்றுக்கணக்கில் ஒரே தடவையாக வாங்குகிறார்கள். இலவச ரவுட்டர் என்று விளம்பரம் போடுவதால் விலை குறைந்ததைப் பார்க்கிறார்கள். அடுத்தது இடிமின்னல். ஐப்பசியில் நாலு நாள் சாயங்கால மழை அடித்தால் ஆபீஸ் மேசை முழுக்கச் செத்துப்போன பெட்டிகள். ஃபைபர் கண்ணாடி, அதன் வழியாக மின்னல் வராது. 12 வோல்ட் அடாப்டர் வழியாக வருகிறது, வீட்டுக்கு வெளியே இழுத்த லேன் கேபிள் வழியாக வருகிறது. ஒரு மழைக்காலத்தில் இத்தனை போகும்போது விலை கூடிய பெட்டியை வாங்க ஆபரேட்டருக்குக் கை வருவதில்லை. மாட்டிய பெட்டி வேலை செய்கிற வரைக்கும் எத்தனை வருடமானாலும் அதை மாற்றச் சொல்லி எங்களுக்கு வேலை வராது.

ஆனால் இப்போதே ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் நேராகப் பெட்டியில் சொருகி வேகம் பாருங்கள். ஃபைபர் பக்கம் சரியா, வைஃபை பக்கம் குறையா என்பதை அது ஒன்றுதான் பிரித்துக் காட்டும். லேன்1இல் சொருக வேண்டும். ஜிஇ என்றால் ஜிகாபிட், ஆயிரம் எம்பிபிஎஸ் ஓட்டை. எஃப்இ என்று போட்ட லேன்2 100 எம்பிபிஎஸ் ஓட்டை, அதில் 94, 95க்கு மேல் எந்தக் காலத்திலும் வராது.

கோட்டாறு தெருக்காரன்
நவம்பர் 4, இரவு 10.20

தம்பி சொன்னது உண்மை, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. 200 என்று பணம் வாங்கிவிட்டு 80ஐக்கூடத் தாண்டாத பெட்டியைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? பெட்டி எந்தத் தரம் என்று ரசீதில் ஒரு வரி எழுதினால் என்ன?

எங்கள் தெருவின் நிலைமையைச் சொல்கிறேன். கோட்டாறில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். என் வாசலில் நின்று தேடினால் 23 வைஃபை பெயர்கள், அதில் 19 பெயர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று மோதாத சேனல்கள், அதாவது தடங்கள், 1, 6, 11 என்று மூன்றுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓடத் தொடங்கியதும் என் வேகம் 12, 15க்கு விழும். இரவு ஒரு மணிக்குப் பார்த்தால் அதே பெட்டியில் 60 வரும். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, அலையில் இடம் இல்லை. இரண்டு அலைவரிசைப் பெட்டி மாற்றிய அன்றைக்கே இந்தத் தொல்லை நின்றது.

வேளிமலை ஆசிரியர்
நவம்பர் 5, காலை 8.45

கோட்டாறு நண்பர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். 2.4இல் நமக்கு மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபரில் நம் அரசு 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஏழு மடங்குக்கு மேல். அகலமான ரோடு போட்டு ஏழு வருடம் ஆகிறது, ஒற்றை அலைவரிசைப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் பழைய சந்துக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு போகின்றன. எனக்கு வருத்தம் தருவது இதுதான். வைஃபை 7 வரவில்லை என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத பெட்டியை இன்றைக்கும் புது இணைப்புக்கு மாட்டுகிறார்களே, அதைத்தான் கேட்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு விதம் இருக்கிறது. நாகர்கோவில் தெருக்களிலும் கடலோர ஊர்களிலும் வீடுகள் நெருக்கம், அங்கே சேனல் நெரிசல். விளவங்கோடு, கல்குளம் உள்பகுதிகளில் ஒவ்வொரு வீடும் தனித்தனி விளைக்குள். பக்கத்து வீட்டு அலை வருவதே அபூர்வம். அங்கே தடுப்பது தடித்த வெட்டுக்கல் சுவரும் கம்பி போட்ட கான்கிரீட் தளமும். கருங்கல் அம்மாவின் வீடு இரண்டாவது வகை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் தளத்தைத் தாண்டும்போது 2.4ஐ விட அதிகம் தேய்ந்துபோகும். கீழே எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும் மாடி அறைக்கு முழுசாக எட்டாது. மாடிக்கு ஒரு கேபிள் போக வேண்டும்.

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 5, இரவு 7.30

தம்பி சொன்னபடி லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தோம். லேன்2இல் 93. லேன்1இலும் 94தான்! மூன்று தடவை பார்த்தாயிற்று. அப்படியானால் 200 வரவே இல்லையா? நாளைக்கு நிறுவனத்தில் போய்ச் சண்டை போடட்டுமா?

ஃபைபர் குலசேகரம்
நவம்பர் 5, இரவு 7.52

பொறுங்கள் அக்கா. இரண்டிலும் ஒரே மாதிரி 94 வருவது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேபிளின் நுனியில் உள்ள கண்ணாடி மாதிரியான பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எத்தனை கலர் ஒயர் தெரிகிறது?

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 5, இரவு 8.10

மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்குதான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை. மற்ற நான்கு பள்ளமும் காலியாக இருக்கிறது.

ஃபைபர் குலசேகரம்
நவம்பர் 5, இரவு 8.16

அதேதான். 100 எம்பிபிஎஸுக்கு நான்கு ஒயர் போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். நான்கு ஒயர் கேபிளை எந்த ஓட்டையில் சொருகினாலும் 100இலேயே நிற்கும். சிசிடிவி வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போன கேபிளாக இருக்கும். எட்டு ஒயரும் உள்ள கேட்6 கேபிள் ஒரு மீட்டர் வாங்கிப் பாருங்கள், சண்டை அப்புறம்.

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 6, மதியம் 12.40

மார்த்தாண்டத்தில் 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். லேன்1இல் சொருகியதும் 197. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு கூடுதலாக எரிகிறது. தம்பிக்கு மிகவும் நன்றி. நிறுவனம் சொன்னது ஒரு பாதி உண்மைதான், ஃபைபரில் 200 வருகிறது. வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கலாம்.

முக்கடல் விடுதி
நவம்பர் 6, மாலை 4.25

கன்னியாகுமரியில் 9 அறை விடுதி நடத்துகிறேன். வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், எனக்குப் பிரச்சினை எண்ணிக்கை. சூரிய உதயம் பார்த்துவிட்டு ஏழரை மணிக்கு எல்லோரும் அறைக்குத் திரும்புவார்கள். ஒரே நேரத்தில் 35, 40 போன், அத்தனையும் போட்டோ ஏற்றிக்கொண்டிருக்கும். நிறுவனம் கொடுத்த வைஃபை 5 பெட்டி அந்த நேரத்தில் திணறிவிடும், போன் இணைந்த மாதிரி காட்டும், ஒன்றும் திறக்காது. தினமும் காலையில் யாராவது வரவேற்பு மேசைக்கு வந்து கேட்பார்கள், எனக்குத் தலை நிமிர முடியாது.

மார்ச்சில் மாடிக்கு ஒன்றாக இரண்டு வைஃபை 6 பெட்டி கேபிள் இழுத்து வைத்தேன். திட்டம் அதே 150 எம்பிபிஎஸ், ஒரு ரூபாய் கூட்டவில்லை. அதற்குப் பிறகு காலையில் அந்தப் புகார் வரவில்லை. ஒரே நேரத்தில் பல போன்களுக்குச் சேனலைப் பங்குபோட்டுக் கொடுக்கும் முறை வைஃபை 6இல்தான் வந்தது என்று மாட்ட வந்தவர் சொன்னார். இரண்டு பெட்டியாகப் பிரித்ததும் காரணமாக இருக்கலாம், ஆனால் கூட்டம் கூடும் இடங்களுக்குப் புது தரம் வேண்டும் என்பது என் அனுபவம்.

கடியபட்டணம் அலை
நவம்பர் 6, இரவு 9.05

கடலோரத்தில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் வைத்திருந்த பெட்டியில் லேன் ஓட்டைக்குள் உள்ள பொன் நிறக் கம்பிகள் ஒன்றரை வருடத்தில் பச்சை பூத்துவிட்டன. உப்புக்காற்று. இணைப்பு அடிக்கடி 100க்கு இறங்கும், பிளக்கைக் கழற்றி மாட்டினால் ஏறும். இப்போது உள் அறையில் அலமாரிக்கு மேல் வைத்துவிட்டோம்.

வேளிமலை ஆசிரியர்
நவம்பர் 7, காலை 10.10

வேகத்தை விட முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. வைஃபையில் போகும் தகவலைப் பூட்டிக் காக்கும் டபிள்யூபிஏ2 முறையில் 2017இல் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் டபிள்யூபிஏ3 வந்தது. 2020 ஜூலையிலிருந்து சான்றிதழ் வாங்கும் புதுக் கருவிகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். பழைய பெட்டிகளில் அது இருக்காது, நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் பழைய ஓட்டையும் அப்படியே இருக்கும். அடி ஸ்டிக்கரில் அச்சடித்த கடவுச்சொல்லையே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள் நுழையும் அட்மின் சொல்லையும் சேர்த்து.

ஃபைபர் குலசேகரம்
நவம்பர் 7, இரவு 10.00

அக்காவுக்கு என் யோசனை. நிறுவனப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், லேண்ட்லைன் போன் இருந்தால் அதில்தான் ஓடும். அதை இரண்டு அலைவரிசைப் பெட்டியாக மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 200 திட்டத்துக்குக் கேட்டால் எங்கள் பக்கம் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. மாடிக்கு லேன்1இலிருந்து கேட்6 இழுத்து, சாதாரண வைஃபை 6 ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்ட் முறையில், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் முறையில், வையுங்கள். அந்த முறையில் வைத்தால் இரண்டு பெட்டியும் தனித்தனியாக முகவரி கொடுத்துக் குழப்பாது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அலையை வாங்கித் திரும்ப அனுப்பும், கேபிள் இல்லாத ரிப்பீட்டர் வேண்டாம், வாங்கும் வேகத்தில் பாதி வரை அதுவே தின்றுவிடும். வாங்கும்போது எல்லா ஓட்டையும் ஜிகாபிட் தானா என்று அட்டையில் படித்துப் பாருங்கள். முன்பக்கம் வைஃபை 6 என்று பெரிதாகப் போட்டாலும் பின்பக்க ஓட்டையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

கருங்கல் ரப்பர்விளை
நவம்பர் 16, இரவு 11.45

எல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்தில் கேட்டதற்கு நான்காம் நாள் வைஃபை 5 இரட்டைப் பெட்டி கொண்டுவந்து மாட்டினார்கள், பணம் கேட்கவில்லை. வைஃபை 6 வேண்டுமென்றால் வைப்புத்தொகை என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். மாடிக்கு 3,100 ரூபாயில் வைஃபை 6 ரவுட்டர், எல்லா ஓட்டையும் ஜிகாபிட். கேபிளை மாடிப்படிச் சுவர் வெளிப்பக்கமாக ஏற்றி ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே எடுத்தோம்.

மகள் அறையில் இப்போது 188. வைஃபை குறியில் அந்தச் சின்ன 6 வந்துவிட்டது, அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். சற்று முன்புதான் அவர் பேசி வைத்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை கூட முகம் நிற்கவில்லை. அவருடைய தாடியில் நரை இவ்வளவு கூடியிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஃபைபர் குலசேகரம்
நவம்பர் 17, காலை 6.30

ரொம்பச் சந்தோஷம் அக்கா. ஒரே ஒரு விஷயம், வெளிச்சுவரில் ஏறும் அந்தக் கேபிள். மின்னல் அதன் வழியாக இரண்டு பெட்டியையும் ஒரே அடியில் கொண்டுபோய்விடும். வீட்டுக்கு உள்ளேயே படிக்கட்டோரம் பைப்புக்குள் ஏற்ற வழி இருக்கிறதா பாருங்கள். அது வரைக்கும் இடி கேட்டால் இரண்டு அடாப்டரையும் அந்தக் கேபிளையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்றைக்கும் சாயங்காலம் மழை இருக்கும் போலிருக்கிறது.